நான் காணாத வைத்தியர்

விழா மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியது விடுதி நினைவுகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் விடுதியிலே நாம் உண்ட சாம்பாரையும், பட்ட பிரம்படியையும், இரவிலே மதிலேறிச் சென்று பார்த்த கோயிற் றிருவிழாக்களையும் எழுதுவதற்கு என்னிலும் வல்லார் பலர் இம்மலரிலே இடம்பெற்றிருப்பர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, விடுதியிலே என் பக்கத்துக் கட்டிலிற் படுத்துறங்கிய ஒரு நண்பனைப் பற்றியும், நான் ஒருநாளும் நேரிற் காணாத ஓர் அமெரிக்க வைத்தியரைப் பற்றியும் எழுதத் துணிந்துள்ளேன். விடயமோ ஆடவர் கூடிய சபையிலே எடுத்துரைக்கக் கூசுவது. அக்கூச்சம் செய்த கேட்டைக் கண்ணாரக் கண்டவன் என்பதொன்றே இதனை எழுத எனக்குள்ள தகுதி. நான் வைத்தியனல்லன், முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன்.

நண்பனின் பெயரை இங்கு எழுதேன். அவன் காலத்து மாணவர் இரண்டு குறிப்புகளைக் கொண்டே அவனை இன்னானென அறிந்து கொள்வர்: நமது துடுப்பாட்டக் குழுவிலே முதலில் இறங்குபவன், விவாத மேடையிலே கடைசியாகப் பேசுபவன். வாயாடி என்று ஆசிரியர்களாற் பெயர் சூட்டப் பெற்றவன். அத்தகையவன் தன் உடம்பிலே தோன்றிய ஒரு தொல்லையைப் பற்றி நான்கு ஆண்டுகள் எவரிடமும் வாய்திறவாதிருந்தான் என்பதை இன்றும் என்னால் நம்ப இயலவில்லை. 2002 ஆம் ஆண்டிலே பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து ஊருக்குச் சென்று அவன் வீட்டிலே இரண்டு நாட் டங்கினேன். இரவிலே நான்கைந்து முறை அவன் எழுந்து கிணற்றடிப் பக்கம் போவதைக் கண்டேன். காலையிலே கேட்டதற்கு, "மச்சான், வயது போனால் எல்லாருக்கும் உது தானே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். விலங்கியல் படிப்பித்தவன் சிரித்தேன் என்பதைக் கவனிக்க.

2005 ஆம் ஆண்டிலே அவனுக்கு நாரிப்பிடிப்பு என்று கேள்வியுற்றேன். எண்ணெய் பூசினார்கள்; ஒத்தடம் கொடுத்தார்கள்; பத்தியம் காத்தார்கள். ஒருநாட் காலையிலே கால்கள் இரண்டும் எழவில்லை. அதன் பின்னரே கொழும்பிற்குக் கொண்டு வந்தார்கள். முன்னிற்குஞ் சுரப்பியிலே தோன்றிய புற்றுநோய் முள்ளந்தண்டு வரை பரவி முண்ணாணை நெரித்துவிட்டதென வைத்தியர்கள் கூறினர். விதைகளை அகற்றும் சிறு சத்திர சிகிச்சை ஒன்றைச் செய்தார்கள். சில நாட்களிலேயே நோவு பெருமளவு தணிந்தது. பழையபடி கதை சொல்லத் தொடங்கினான். கால்கள் மட்டும் திரும்பவில்லை. 2006 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே காலமானான். அக்கடைசி மாதங்களை நோவின்றிக் கழிப்பதற்கு அவனுக்கு வழி செய்தவர் சாள்ஸ் ஹகின்ஸ் என்னும் சிக்காகோ நகரத்து வைத்தியர் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆண் ஓமோனை நீக்கினால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்று 1941 ஆம் ஆண்டிலே அவர் காட்டினார். அதற்காக 1966 ஆம் ஆண்டின் நோபல் பரிசிலே பங்கு பெற்றார். ஒடுங்கும் என்றேனேயன்றி ஒழியும் என்றேனல்லேன். பரவிய நோய் காலப்போக்கில் ஓமோனின்றியும் வளரக் கற்றுக்கொள்கிறது.

நிற்க. சுரப்பியின் பெயரைச் சற்று விளக்குதல் வேண்டும். சலப்பையின் கழுத்தடியிலே, சலம் வெளியேறும் வழியைச் சுற்றி, ஒரு கமுகங்காயளவிலே அமைந்தது இச்சுரப்பி. விந்துப் பாயத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது. கிரேக்க மொழியிலே 'முன்னே நிற்பது' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். நமது பாடநூலார் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என நேரே தமிழாக்கினர். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கென நூல்களும் செய்வித்த சாமுவேல் கிறீன் அவர்களின் வழிவந்த முயற்சிகள் இவை. சொல் நம்மிடம் இருந்தது. அச்சொல்லை நான் வகுப்பிலே கரும்பலகையில் எழுதி, மாணவர் சிரிப்பை அடக்கி, விரைந்து அடுத்த உறுப்பிற்குச் சென்றுவிடுவது வழக்கம். எத்தனை நூறு மாணவர் அவ்வாறு அதனை விரைந்து கடந்தார்களோ!

இன்னொன்றும் கூற வேண்டும். வயது ஏற இச்சுரப்பி வீங்குவது பெரும்பாலார்க்கு உள்ளதே. அவ்வீக்கம் சலவழியை நெருக்குவதால் இரவிலே பலமுறை எழ நேரிடும். அது புற்றுநோயன்று. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியிலே தொடங்குவதால் தொடக்கத்திலே எவ்வித குறியும் காட்டாது. ஆதலின் நண்பன் 2002 இல் இரவிலே எழுந்தது எதனால் என்று எவரும் இன்று கூற முடியாது. ஆனால் அத்தொல்லைக்காக அவன் ஒரு வைத்தியரிடம் சென்றிருந்தால், விரலாற் சோதிக்கும் சோதனையும் குருதிச் சோதனையும் நடந்திருக்கும். மற்றது வெளிப்பட்டிருக்கக் கூடும்.

நண்பனின் சிதை ஆறுமுன்னரே நான் ஓடிச்சென்று என்னைச் சோதித்துக்கொண்டேன் என நீங்கள் நினைத்தால், அது என்னை மிகைபட மதிப்பதாகும். மூன்று ஆண்டுகள் கழிந்தன. காரணம் கேட்டால் பாதை மூடப்பட்டது, போர், இடப்பெயர்வு, மனைவியின் நீரிழிவு என்று பல கூறுவேன். அவை யாவும் உண்மையே. ஆயினும் வெள்ளவத்தையிலே என் வீட்டிலிருந்து குருதிச் சோதனை நிலையம் இருநூறு யார் தூரத்திலேதான் இருந்தது. 2009 ஆம் ஆண்டிலே வேறொரு காரணத்துக்காகக் குருதி எடுத்த இளம் வைத்தியர் ஒருவர் என் வயதைக் கேட்டு, என்னைக் கேளாமலே பி.எஸ்.ஏ. என்னும் சோதனையையும் சேர்த்து எழுதிவிட்டார். கேளாமல் எழுதுவது முறையன்று என்று இக்காலத்து வைத்திய நெறி கூறும். அம்முறைகேட்டுக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.

பி.எஸ்.ஏ. என்பது இச்சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். அது குருதியிலே சிறிதளவு கலந்திருக்கும். சுரப்பியிலே நோய் இருப்பின் மிகும். ஆனால் வெறும் வீக்கத்தாலும் அழற்சியாலும் மிகும். அமெரிக்காவிலே இச்சோதனைக்கு 1986 ஆம் ஆண்டு நோயாளரைக் கண்காணிப்பதற்கும், 1994 ஆம் ஆண்டு நோயைக் கண்டறிவதற்கும் அனுமதி வழங்கப்பட்டது. எனக்கு 9.2 எனக் காட்டியது. ஊசியால் இழையம் எடுத்துச் சோதித்தார்கள். கிளீசன் என்பார் வகுத்த அளவையிலே நான்கும் மூன்றும் ஏழு என்று அறிக்கை வந்தது. அதாவது, வாளாவிருக்கக் கூடிய மென்மையான நோயுமன்று. கைவிட வேண்டிய கொடுமையான நோயுமன்று. பரீட்சைத் தாள்களிலே நடுத்தரப் புள்ளிகளை எண்ணற்ற முறை இட்ட கை, தனக்கு வந்த நடுத்தரப் புள்ளியைப் பிடித்தபோது நடுங்கிற்று.

றொறன்ரோவிலே இருக்கும் என் இளைய மகன் ஒரு நூலை அனுப்பிவைத்தான். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் பேராசிரியர் பற்றிக் வால்ஷ் அவர்கள் இந்நோயாளர்க்கென எழுதிய வழிகாட்டி நூலின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு அது. அதனை நான் இரண்டு வாரத்திலே இருமுறை படித்தேன். அவரே நான் காணாத வைத்தியர்.

அவர் பணியாற்றிய நிலையத்தின் வரலாறே ஒரு கதை. பால்ற்றிமோர் நகரிலே அதே வைத்தியசாலையில் 1904 ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே ஹியூ ஹம்ரன் யங் என்பவர் புற்றுநோய் கொண்ட முன்னிற்குஞ் சுரப்பியை முற்றாக அகற்றும் சத்திர சிகிச்சையை முதன்முதலாக அங்கு செய்தார். புகழ்பெற்ற ஹால்ஸ்ரெட் அவர்கள் அவருக்கு அன்று உதவியாளராக நின்றார். பின்னர் 1912 இலே புகையிரத உபகரணங்கள் விற்றுப் பெரும் பொருளீட்டிய பிறேடி என்னும் செல்வர் யங்கிடம் சிகிச்சை பெற்றார். அவருடைய வைரங்களும் சாப்பாடும் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டவை. 'வைர ஜிம்' என்றே அவரை அழைப்பர். சலத்தடை நீங்கிய மகிழ்ச்சியிலே அவர் அளித்த கொடையினால் எழுந்ததே பிறேடி சிறுநீரியல் நிலையம். 1915 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. சலம் தடையின்றிப் போவதன் அருமை, அது தடைப்பட்டவனுக்கே தெரியும். அந்நிலையத்துக்கு 1974 ஆம் ஆண்டிலே, தமது முப்பத்தாறாவது வயதிலே, தலைவராக வந்தவர் வால்ஷ். ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே 1938 இற் பிறந்தவர். பொஸ்ரனிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் பயின்றவர். முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அவர் வந்த காலத்திலே அச்சத்திர சிகிச்சையை நோயாளர் அஞ்சினர், வைத்தியரும் அஞ்சினர். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. சுரப்பியின் முன்னே உள்ள நாளத் தொகுதி அறுபட்டால் குருதி வெள்ளமாய்ப் பெருகும். சத்திர சிகிச்சை நிபுணர் குருதிக் குளத்தினுள்ளே கண்ணாலன்றிக் கையாலே தடவிச் செய்ய வேண்டியிருந்தது. தப்பியவருட் பலர் சலத்தை அடக்க இயலாதவராயினர். ஆண்மையை இழவாதவர் ஏறக்குறைய எவருமிலர். ஆதலின் நோய் சுரப்பியளவிலே நின்றோரிலும் பெரும்பாலார் கதிர்ச் சிகிச்சையையே நாடினர். வால்ஷ் முதலிலே எடுத்துக்கொண்டது குருதியை. நாளங்கள் எவ்வழி செல்கின்றன என்று உடலமைப்பை ஆராய்ந்து, அவற்றை முன்கூட்டியே கட்டும் முறையை வகுத்து 1979 இலே வெளியிட்டார். குருதி குறைந்ததும் கண்ணுக்குப் புலம் தெரிந்தது. அதுவே அடுத்த கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது.

1977 ஆம் ஆண்டிலே அவரிடம் சத்திர சிகிச்சை பெற்ற ஒருவர், மூன்று மாதங்கழித்துத் திரும்பி வந்து, தமது ஆண்மை முன்போலவே உள்ளதென்று தெரிவித்தார். நூல்களின்படி அது நிகழக் கூடாத ஒன்று. ஆண்மைக்குரிய நரம்புகள் சுரப்பியின் ஊடே செல்கின்றன. சுரப்பியை அகற்றினால் அவையும் அறுபடும். ஆதலின் இழப்புத் தவிர்க்க முடியாதது என்பதே எல்லாரும் கொண்டிருந்த கொள்கை. இவ்விடத்திலே நான் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்தேன். அந்த நோயாளர் கூச்சப்பட்டிருந்தால்? 'சுகமாயிருக்கிறேன், ஐயா' என்று நம்மவரைப் போல ஒரு சொல்லோடு எழுந்து சென்றிருந்தால்? அல்லது கேட்ட வைத்தியர் ஏதோ புறநடை எனச் சிரித்துத் தள்ளியிருந்தால்? ஒருவர் சொன்னார், மற்றவர் அதனை நம்பி, ஒருவருக்கு நிகழ்ந்தது ஏன் எல்லாருக்கும் நிகழவில்லை என்று கேட்டார். நான்கு ஆண்டுகள் அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

1981 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே ஒரு கூட்டத்தின் பொருட்டு வால்ஷ் ஒல்லாந்து தேசத்து லைடன் நகருக்குச் சென்றார். அங்கே பீற்றர் டொங்கர் என்னும் முதிய பேராசிரியர், ஓய்வு பெற்ற பின்னரும் சும்மாயிராது, சலப்பைக்குச் செல்லும் நரம்புகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். பிறக்குமுன்னரே இறந்த சிசுவின் உடலை அவர் அதற்குப் பயன்படுத்தினார். முதிர்ந்தோர் உடலங்களிலே பாதுகாப்புத் திரவங்களினால் கொழுப்பும் மென்மையான இழையங்களும் சிதைந்து, நுண்ணிய நரம்புகளைப் பிரித்தறிதல் அரிதாகும். சிசுவின் உடலிலோ நரம்புகள் ஒப்பளவிலே பருத்தும் தெளிவாயும் இருக்கும். ஆண்குறிக்குச் செல்லும் நரம்புகள் எங்கே உள்ளன என்று வால்ஷ் கேட்டார். தாம் அதனைத் தேடிப் பார்த்ததில்லை என்றார் டொங்கர். இருவரும் அமர்ந்து தேடினர். சில மணி நேரத்திலே நரம்புகள் வெளிப்பட்டன: சுரப்பியின் ஊடேயன்று, அதன் உறைக்கு வெளியே! அத்தனை காலமும் நூல்கள் கூறியது பிழை. உடலமைப்பியல் என்பது முடிந்துபோன பாடம் என்று மாணவருக்குச் சொல்லி வந்தவன் நான். 1981 ஆம் ஆண்டிலே, மனிதன் சந்திரனிற் காலடி வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், மனிதனுடலிலேயே ஒரு நரம்பின் வழி தெரியாதிருந்தது என்பதை நான் வகுப்பறையை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தேன்.

அந்நரம்புகளோடு குருதிக் கலன்களும் கட்டாகச் செல்வதைச் சத்திர சிகிச்சையின்போது அடையாளங் கண்டுகொண்டு, 1982 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 26 ஆந் திகதி, ஐம்பத்திரண்டு வயதான ஒருவருக்கு, நரம்புகளைத் திட்டமிட்டுக் காத்து முதற் சத்திர சிகிச்சையைச் செய்தார். ஓராண்டிற்குள் அவருக்கு யாவும் மீண்டன. பின்னர் 2011 ஆம் ஆண்டிலே சத்திரக் கத்தியை வைக்கும் வரை 4,500 இற்கு மேற்பட்டோர்க்கு அவரே இதனைச் செய்தார். எண்ணிக்கையிலும் அவர் கணக்கு வைத்த முறையே எனக்கு வியப்பளித்தது. தமது சத்திர சிகிச்சைகளைப் படம்பிடித்து வைப்பாராம். நன்கு குணமடைந்தவர் யார், தாமதித்தவர் யார் என்று பிற்காலத்திலே தெரிந்த பின், அவ்விருவரின் படங்களையும் போட்டுப் பார்த்து, தம் கை எவ்விடத்திலே எவ்வாறு வேறுபட்டதெனத் தேடுவாராம். இதனை 2000 ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். தாம் படிப்பித்த பாடத்தை மீண்டும் ஒருமுறை கேட்டு, எந்த மாணவன் எவ்விடத்திலே விளங்காது விட்டான் என்று தேடிய ஆசிரியர் நம்மிலே எத்தனை பேர்? நான் ஒருநாளும் செய்ததில்லை.

எனக்குச் சத்திர சிகிச்சை செய்தவர் நம் நாட்டவரே. அவரிடம் நான் வால்ஷின் நூலைக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. அப்பேராசிரியர் உலகத்து நிபுணர்களுக்கென வழங்கிய ஒளித்தட்டைத் தாமும் பலமுறை போட்டுப் பார்த்துக் கைப்பழக்கம் கொண்டதாகக் கூறினார். பிறகு படமொன்றை வரைந்து காட்டி, "மாஸ்ரர், வலப்பக்கத்து நரம்பை விட்டு வைப்பன், இடப்பக்கம் நோய் உறைக்குக் கிட்ட நிற்கிறது, அதிலே ஆசைப்பட ஏலாது" என்றார். முதலிலே உயிர், அடுத்துச் சலக்கட்டு, மூன்றாவதே மற்றது என்பது வால்ஷ் அவர்கள் தம் நூலிலும் வற்புறுத்திய வரிசை. நரம்பைக் காக்கும் முறையைக் கண்டவரே, வேண்டுமிடத்து நரம்பை விட்டுக்கொடுக்கவும் கற்பித்தார்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை மறையாது எழுதுவேன். மறைப்பதாயின் இக்கட்டுரையே வேண்டா. இரண்டு வாரங்கள் குழாயோடு இருந்தேன். குழாயை எடுத்த பின்னர் ஐந்து மாதங்கள் சலம் என் வசப்படவில்லை. இருமினாற் கசியும், கதிரையிலிருந்து எழுந்தாற் கசியும். கச்சையினுள்ளே பஞ்சுத் துணி வைத்துக் கொண்டு கோயிலுக்குப் போவதெங்ஙனம் என்று, அவ்வாண்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஊர் போகவும் மறுத்தேன். மனைவியிடம் குளிர் பிடித்துவிட்டதென்று பொய்யுரைத்து, துணிகளை இரவிலே நானே கழுவிக் காயவைத்தேன். மூன்றாவது வாரத்திலே ஒருநாள் அவர் என்னைக் கையும் மெய்யுமாகப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "இஞ்சாருங்கோ, மூன்று பிள்ளையளின்ரை துணி தோய்ச்ச எனக்கு உதை மறைக்கிறியளே?" என்று கேட்டு, வாளியை என் கையிலிருந்து வாங்கினார். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையிலே அதைவிட மேலான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை செய்தேன். சந்தியாவந்தனத்திலும் ஒழுங்காய்ச் செய்தேன் என்று அவர் கேலி பண்ணுவார். ஆறாம் மாதத்திலே கசிவு நின்றது. மற்றது, ஒன்றரை ஆண்டின் பின்னர், பாதியளவு மீண்டது. அவ்வளவே எழுதப் போதும்.

இனி, நன்றியுணர்ச்சியிலே உண்மையை மறந்துவிடலாகாது. இன்று எனக்கிருக்கும் அறிவோடு 2009 இற் போய் நின்றால் என்ன செய்வேன் என்று அடிக்கடி எண்ணுவதுண்டு. இந்நோய் பலரிடத்திலே மிக மெதுவாக வளர்வது. அவர்கள் அந்நோயோடு வாழ்ந்து வேறொரு நோயால் இறப்பர். இங்கிலாந்திலே நோய் சுரப்பியளவிலே நின்ற 1,643 பேரை மூன்று கூறாக்கி, ஒரு கூறினர்க்குச் சத்திர சிகிச்சையும், ஒரு கூறினர்க்குக் கதிர்ச் சிகிச்சையும், எஞ்சியோர்க்கு விழிப்பான கண்காணிப்பும் அளித்து நடத்திய ஆராய்ச்சியின் பதினைந்து ஆண்டு முடிபு 2023 இலே வெளியாயிற்று. அத்தனை பேரிலும் இந்நோயால் இறந்தோர் 45 பேர் மாத்திரமே. மூன்று கூறினர்க்கிடையே அவ்வகையிலே கருதத் தக்க வேறுபாடில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தோர்க்கு நோய் வேறிடங்களுக்குப் பரவியது நூற்றுக்கு ஒன்பதளவிலே. சத்திர சிகிச்சை பெற்றோர்க்கு ஐந்தளவிலே. அவர்களுட் பெரும்பாலாரின் நோய் என்னுடையதிலும் மென்மையானது என்பதை நினைந்து நான் தேறுவதுண்டு. ஆயினும் ஐந்து மாதத்துணியும் மற்ற இழப்பும் தேவையில்லாதிருந்த ஒருவருக்கு நேர்ந்திருந்தால் அது சிறு பிழையன்று. சோதனையாற் கண்டுபிடித்த ஒவ்வொரு நோயையும் வெட்டியெடுத்த ஒரு காலம் இருந்தது. அதன் விளைவாகவே 2012 இலே அமெரிக்க அறிஞர் குழுவொன்று பி.எஸ்.ஏ. சோதனையே வேண்டாமென அறிவுரைத்தது. 2018 இலே அதனைத் திருத்தி, ஐம்பத்தைந்து முதல் அறுபத்தொன்பது வயதுவரையுள்ளோர் வைத்தியருடன் நன்மை தீமைகளைப் பேசித் தாமே முடிவு செய்க என்றது. இப்பொழுது ஊசிக்கு முன்னரே காந்தப் படம் எடுத்துப் பார்த்து, தேவையற்ற ஊசிகளைத் தவிர்க்கிறார்கள். மென்மையான நோயைக் கத்திக்குக் கொடாது கண்காணிக்கிறார்கள். இது பெரிதும் வரவேற்கத் தக்கது.

சத்திர சிகிச்சையும் இப்பொழுது உருமாறிவிட்டது. வால்ஷின் கீழ் ஜோன்ஸ் ஹொப்கின்சிலே பயின்ற மணி மேனன் என்பவர் புதுச்சேரி ஜிப்மர் கல்லூரியிலே வைத்தியம் கற்றவர். அவர் 2000 ஆம் ஆண்டையடுத்து டெற்றோயிற் நகரிலே றோபோ இயந்திரக் கரங்களைக் கொண்டு இதே சத்திர சிகிச்சையைச் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். சிறு துளைகளினூடே கரங்கள் உட்செல்லும். குருதி மிகக் குறைவு. வால்ஷோ இறுதிவரை தம் கையாலேயே செய்தார். இயந்திரத்தைப் போற்றுவார் போற்றுக; உள்ளே சென்ற பின்னர் அது தேடிச் செல்லும் நரம்பின் வழி, லைடன் நகரிலே ஒரு முதியவரும் ஒரு விருந்தாளியும் சிசுவின் உடலிலே கண்ட வழியேயாகும்.

நம் நாட்டு ஆடவரிடையே முதலிடம் பெறுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் அதற்குக் காரணமென்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர், அது கண்ணுக்குத் தெரிவது, ஆதலின் பேசப்படுகிறது. இடுப்பின் கீழ் மறைந்திருப்பது பேசப்படுவதில்லை. முன்னர் வடக்கிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமைக்கே போக வேண்டியிருந்தது. தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை 2013 இலே திறக்கப்பட்ட பின்னர் அந்தத் தூரம் குறைந்தது. என் நண்பனின் வீட்டிலிருந்து அதற்குத் துவிச்சக்கர வண்டியிலே போய்வரலாம்.

எழுதாது விடக்கூடாத ஒன்று எஞ்சியுள்ளது. வால்ஷ் அவர்களும் அவர்தம் குழுவினரும் 1990 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியிலே, தந்தையோ உடன்பிறந்தானோ இந்நோய் கொண்டவனாயின் ஒருவனுக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்றும், அத்தகைய நெருங்கிய உறவினர் இருவராயின் ஐந்து மடங்கு என்றும் கண்டனர். 2012 இலே குடும்பவழி வரும் நோயோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகு மாற்றத்தையும் அவர் சேர்ந்த குழு கண்டறிந்தது. இதனைப் படித்த அன்றே ஊரிலிருக்கும் என் தம்பிக்குத் தொலைபேசியிலே சொன்னேன். "அண்ணை, உதுகளைப் போனிலையோ கதைக்கிறது?" என்று சினந்து வைத்துவிட்டான். ஆறு மாதங்கழித்துத் தானாகவே சோதித்துக் கொண்டான், குறைவொன்றுமில்லை.

என் மைந்தர் இருவருக்கும் இவ்வாண்டு தைப்பொங்கலன்று கடிதம் எழுதினேன். மின்னஞ்சலன்று, கையெழுத்திலே, நான்கு பக்கம். என் நோயையும், மறைத்துவைத்த துணியையும், அவர்களுடைய 'மச்சான் மாமா' எவ்வாறு இறந்தார் என்பதையும் ஒளிக்காது எழுதினேன். அவர்கள் சிறுவராயிருந்தபோது நண்பன் தோளிலே சுமந்து தேர் காட்டியவன். றொறன்ரோவிலிருக்கும் இளையவன் பங்குனியிலே சோதனை செய்து, முடிபைப் படமெடுத்து அனுப்பினான். மெல்பேணிலிருக்கும் மூத்தவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பேரப்பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக் கூரை, அங்குள்ள மழை எல்லாவற்றையும் பற்றி வாரந்தோறும் பேசுகிறான். கடிதம் கிடைத்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு கேட்க எண்ணியுள்ளேன்.